உங்க டேட்டா திருடு போனா உங்களுக்குச் சொல்லியே ஆகணும்: ஆனா சொன்ன பிறகு நீங்க என்ன செய்வீங்க?



ஒரு போன் வருது. பேசறவர் உங்க பேர், பிறந்த தேதி, இன்சூரன்ஸ் பாலிசி நம்பர், போன வருஷம் எந்த ஆஸ்பத்திரியில கிளெய்ம் பண்ணீங்கன்னு எல்லாத்தையும் சரியா சொல்றார். "பிரீமியம் ரீஃபண்ட் வந்திருக்கு சார், ஓடிபி மட்டும் சொல்லுங்க" என்கிறார். இவ்வளவு விவரம் தெரிஞ்சவர் கம்பெனி ஆளாத்தான் இருக்கணும்னு நமக்குத் தோணும். பணம் போறது அந்த இடத்துலதான்.

இதையே கொஞ்சம் மாத்தி யோசிங்க. ஒரு வாரம் முன்னாடியே அந்தக் கம்பெனி உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கு: "எங்ககிட்ட இருந்த உங்க பாலிசி விவரங்கள் திருடு போயிடுச்சு. எங்க பேரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நம்பாதீங்க." இப்போ ஓடிபி சொல்லுவீங்களா?

அந்த ஒரு மெயிலை அனுப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தற சட்டம் நம்ம நாட்டுல வந்தாச்சு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். நல்ல சட்டம்தான். ஆனா அது நமக்குத் தர்றது தகவல் மட்டும்தான், பணம் தராது. அந்தத் தகவலைப் பயன்படுத்தத் தெரியலைன்னா, சட்டம் இருந்தும் நமக்குப் பிரயோஜனம் இல்லை.

இதுவரைக்கும் எப்படி இருந்தது?

2022 ஏப்ரல்ல செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. டேட்டா திருட்டு மாதிரி சைபர் சம்பவங்கள் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள்ள கம்பெனிகள் அந்த அரசு அமைப்புக்குச் சொல்லணும். ஆனா டேட்டாவுக்குச் சொந்தக்காரரான நமக்குச் சொல்லணும்னு அதுல இல்லை. அபார்ட்மெண்ட்ல திருட்டு நடந்ததை வாட்ச்மேன் ஸ்டேஷனுக்குச் சொல்லிட்டு, வீட்டுக்காரருக்குச் சொல்லாம விட்ட மாதிரி.

சென்னையிலேயே தலைமையகம் வைச்சிருக்கற ஸ்டார் ஹெல்த் விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2024 செப்டம்பர்ல, அதோட வாடிக்கையாளர்களின் பாலிசி ஆவணங்களும் மருத்துவ ரிப்போர்ட்களும் டெலிகிராம் சாட்பாட்ல கிடைக்குதுன்னு ராய்ட்டர்ஸ் செய்தி போட்டது. 3 கோடிக்கும் மேலானவங்களோட டேட்டா தன்கிட்ட இருக்கறதா ஹேக்கர் சொன்னார். கம்பெனி சென்னை உயர் நீதிமன்றம் போய், அதையெல்லாம் முடக்க இடைக்கால உத்தரவு வாங்கியது. கம்பெனி கோர்ட்டுக்குப் போறதுக்கு வழி இருந்தது, போனாங்க. ஆனா பாலிசிதாரர் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா தகவல் சொல்லியே ஆகணும்னு அன்னைக்கு டேட்டா சட்டம் எதுவும் நடைமுறையில இல்லை. நான் கவலைப்படறது இந்த ஓட்டையைப் பத்தித்தான்.

புதுச் சட்டம் என்ன சொல்லுது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்தது. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல அறிவிக்கப்பட்டன. அதன்படி, டேட்டா கசிஞ்சது தெரிஞ்சதும் கம்பெனி தாமதிக்காம, பாதிக்கப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் எளிய மொழியில இந்த 5 விஷயங்களைச் சொல்லணும்:

1. என்ன கசிஞ்சது, எவ்வளவு, எப்போ
2. அதனால உங்களுக்கு என்ன பாதிப்பு வரலாம்
3. கம்பெனி என்ன நடவடிக்கை எடுக்குது
4. உங்க பாதுகாப்புக்கு நீங்க என்ன செய்யலாம்
5. கேள்வி கேட்க யாரைத் தொடர்பு கொள்ளணும்

தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே சொல்லணும். முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள்ள தரணும். சொல்லாம மறைச்சா ரூ. 200 கோடி வரை அபராதம். பாதுகாப்பே சரியா இல்லைன்னா ரூ. 250 கோடி வரை.

ஐரோப்பாவுல, ஆபத்து அதிகமா இருந்தா மட்டும் தனிநபருக்குச் சொன்னா போதும். நம்ம சட்டத்துல அப்படி வடிகட்டி கிடையாது. சின்னக் கசிவுன்னாலும் சொல்லணும். "தினமும் மெயில் வந்தா யாரும் படிக்கமாட்டாங்க"ன்னு ஒரு வாதம் இருக்கு. அதுல நியாயமும் இருக்கு. ஆனா, எது சின்னது எது பெரிசுன்னு முடிவு பண்ற வேலையை மாட்டிக்கிட்ட கம்பெனிகிட்டயே கொடுத்தா, எல்லாமே சின்னதாத்தான் தெரியும். அதனால என் ஓட்டு நம்ம சட்டத்துக்குத்தான்.

நஷ்ட ஈடு கிடைக்குமா?

இங்கேதான் எனக்குக் கசக்குது. அந்த 200 கோடி, 250 கோடி எல்லாம் அரசு கஜானாவுக்குப் போகும். உங்க அக்கவுண்ட்டுக்கு ஒரு பைசா வராது. இதுவரைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 43ஏ பிரிவுல, கம்பெனியோட அலட்சியத்தால நஷ்டம் ஆச்சுன்னா இழப்பீடு கேட்க ஒரு வழி இருந்தது. புதுச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்குது.

எப்போ தெரியுமா? அறிவிச்ச அட்டவணைப்படி, நமக்குத் தகவல் சொல்ற கடமை நடைமுறைக்கு வர்றது 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம். 43ஏ போறதும் அதே நேரத்துல. ஒரு கையால கொடுத்து மறு கையால எடுத்துக்கறாங்க. சொல்ற கடமையோட இழப்பீட்டு வழியும் சேர்ந்து இருந்திருக்கணும். இதுல நான் மாறமாட்டேன்.

ஆக, நம்ம கையில மிஞ்சறது முன்கூட்டியே கிடைக்கற தகவல் ஒண்ணுதான். அதுக்கு எவ்வளவு மதிப்புன்னு ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கையைப் பார்த்தா புரியும். வங்கி மேலயும் தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை, வேற எங்கயோ நடந்த தப்பால பணம் போச்சுன்னா, வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 நாள்னா ஒரு வரம்பு வரை உங்க நஷ்டம். அதுக்கு மேல போனா வங்கியோட கொள்கைதான் முடிவு பண்ணும். ஆனா ஓடிபியை நீங்களே சொல்லிட்டீங்கன்னா? வங்கிக்குப் புகார் சொல்ற வரைக்கும் போனது முழுக்க உங்க தலையில. மோசடிக்காரருக்கு உங்க விவரம் தெரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அந்த ஓடிபியைச் சொல்லியிருக்கவே மாட்டீங்க.

சம்பளக்காரங்க இப்பவே செய்ய வேண்டியது

உங்க பான், ஆதார், பேங்க் அக்கவுண்ட், சம்பளம் எல்லாம் மொத்தமா இருக்கற இடம் உங்க ஹெச்ஆர் டிபார்ட்மெண்ட். இந்தச் சட்டம் முதலாளிக்கும் பொருந்தும். பேரோல் வேலையை வெளியே ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தாலும், பொறுப்பு உங்க கம்பெனிக்குத்தான்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. தகவல் வர்றது நீங்க பதிவு பண்ணி வைச்சிருக்கற மெயிலுக்கோ நம்பருக்கோதான். நாலு வருஷம் முன்னாடி விட்ட கம்பெனியில உங்க மெயில் எது? மூடிப்போன ஆபீஸ் மெயில்தானே? அதனால:

- பழைய கம்பெனி ஹெச்ஆருக்கு உங்க சொந்த மெயிலையும் இப்போதைய நம்பரையும் கொடுங்க. வங்கி, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், பிஎஃப்லயும் சரிபாருங்க.
- பயன்படுத்தாத லோன் ஆப்களை அன்இன்ஸ்டால் பண்ணா போதாது. அக்கவுண்ட்டையே டெலீட் பண்ணச் சொல்லுங்க.
- சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க், நாலுமே வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமா தரணும். மூணு மாசத்துக்கு ஒண்ணா எடுத்தா வருஷம் முழுக்கக் கண்காணிக்கலாம். நீங்க வாங்காத கடன் உங்க பேர்ல இருந்தா அங்கே தெரிஞ்சிடும்.
- ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வைங்க. தேவைப்படும்போது திறந்துக்கலாம்.
- "உங்க டேட்டா கசிஞ்சிருக்கு, இந்த லிங்க்கை அழுத்துங்க"ன்னு வந்தா அழுத்தாதீங்க. மோசடிக்காரங்களும் இதே வேஷம் போடுவாங்க. ஆப்பை நீங்களே திறந்து பாருங்க.
- பணம் போயிடுச்சுன்னா முதல்ல வங்கிக்கும் 1930-க்கும் போன். அழுகையெல்லாம் அப்புறம்.

2027 மே வரைக்கும் உங்களுக்குச் சொல்லியே ஆகணும்ங்கற கட்டாயம் கம்பெனிகளுக்கு இல்லை. அதுவரை, நம்ம டேட்டா ஏற்கெனவே வெளியே போயிடுச்சுன்னே நினைச்சு நடந்துக்கறது நல்லது. பேர், பாலிசி நம்பர் எல்லாம் சரியா சொல்றாரேன்னு யாரையும் நம்பாதீங்க. அதெல்லாம் இன்னைக்கு யார்கிட்ட வேணா இருக்கலாம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி, பழைய ஹெச்ஆருக்கு அந்த மெயிலை அனுப்பிடுங்க. அனுப்பிட்டு, உங்ககூட அந்தக் கம்பெனியில வேலை பார்த்த நண்பர்களுக்கும் இதை ஃபார்வர்ட் பண்ணுங்க. அவங்க மெயிலும் மூடித்தான் இருக்கும்.