காற்று ஓடட்டும்... பாட்டி நலமாக இருக்கட்டும்!

சென்னை விமான நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது திரிசூலம் ரயில் நிலையம். அங்கே செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினால் பல்லாவரம், குரோம்பேட்டை. அதற்கு அடுத்த ஸ்டேஷனின் பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் அங்கே ஏறி இறங்குபவர்களிலேயே பலருக்கு, அது ஒரு காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் என்பது ஞாபகம் இருக்காது.

அந்த சானடோரியத்தை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. இங்கிலாந்தின் மென்டிப் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கு சானடோரியம் நடத்திய அனுபவத்தோடு ஊர் திரும்பியவர். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பதினைந்து வருடங்களுக்கு மேல் இருந்தது. அன்றைய சானடோரியங்களின் வைத்தியம் திறந்தவெளிக் காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, அவ்வளவுதான். 1937-ல் அது அரசின் கைக்கு வந்தது. இன்றும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

நல்ல காற்று நுரையீரலுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. ஆனால், ஒருவர் இருமி வெளியே விட்ட கிருமி அடுத்தவர் மூக்கை எட்டுவதற்குள் அதைக் கலைத்துவிடும். காற்றில் பரவும் எந்த நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தும். காற்று நின்றால் ஆபத்து, ஓடினால் பாதுகாப்பு. விமானத்தில் போகிறவர்களும் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், பாதி பயம் போய்விடும். மீதி பாதிக்கு என்ன செய்வது என்று பார்ப்போம்.

யாருக்காக இந்தக் கவனம்?

மார்கழி, தை வந்தால் நம் பக்கம் வீடுகள் நிறைந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து மகள், துபாயிலிருந்து மருமகன், அமெரிக்காவிலிருந்து பேரப்பிள்ளைகள். மாமல்லபுரத்தில் நாட்டிய விழா நடக்கும் நாட்களும் அவைதான். வெளிநாட்டுப் பயணிகளோடு பழகும் கைடுகள், வேன் டிரைவர்கள், விடுதி ஊழியர்கள் எல்லோருக்கும் ஓய்வில்லாத மாதங்கள்.

பயணம் செய்கிறவர் பெரும்பாலும் தெம்பான வயதுக்காரர். அவருக்கு வந்தால் நான்கு நாள் காய்ச்சல், கொஞ்சம் கஷாயம், சரியாகிவிடும். அதே கிருமி, ஊரில் காத்திருக்கும் 78 வயதுப் பாட்டிக்கோ, சர்க்கரையும் ஆஸ்துமாவும் உள்ள மாமாவுக்கோ போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். தமிழகத்தில் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7-ம் தேதி உறுதியானது. பாதிக்கப்பட்டவர் ஓமானிலிருந்து காஞ்சிபுரம் திரும்பியவர். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. உலகத்தின் எந்த மூலையில் கிளம்பும் நோயும் ஒரே நாளில் நம் தெருவுக்கு வந்துவிடலாம் என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டோம்.

விமானத்துக் காற்று கெட்டதா?

"முன்னூறு பேர் விட்ட மூச்சுதானே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது?" என்று பலர் கேட்பார்கள். உண்மை அப்படி இல்லை. பறக்கும்போது உள்ளே வரும் காற்றில் ஏறக்குறைய பாதி வெளியிலிருந்து வரும் புதுக்காற்று. மீதி, ஹெப்பா ஃபில்டர் வழியாகச் சுத்தமாகி வருவது. மிகச் சிறிய துகள்களிலும் 99.97 சதவிகிதத்தை அந்த ஃபில்டர் பிடித்துவிடும். பெரும்பாலான பெரிய விமானங்களில் இந்த வசதி உண்டு. மணிக்கு 20 முதல் 30 முறை உள்ளே இருக்கும் காற்று மாறுகிறது. தொற்றுநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் மருத்துவமனை அறைக்கே மணிக்கு 12 முறை என்பதுதான் வழக்கமான அளவு.

காற்று கூரையிலிருந்து இறங்கி, கிட்டத்தட்ட அதே வரிசையின் கால்பக்கமாக வெளியேறுகிறது. அதனால் இருபதாவது வரிசையில் தும்மியவரின் கிருமி முதல் வரிசை வரை போவது கடினம்.

அப்படியானால் பயமே வேண்டாமா? இரண்டு விமானங்களில் நடந்ததைக் கேளுங்கள்.

இரண்டு விமானங்கள், இரண்டு பாடங்கள்

1977-ல் அலாஸ்காவில் 54 பேரோடு கிளம்ப இருந்த ஒரு விமானம், என்ஜின் கோளாறால் மூன்று மணி நேரம் தரையிலேயே நின்றது. காற்றோட்டக் கருவி ஓடவில்லை. பெரும்பாலானோர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஃபுளூ. மூன்று நாட்களுக்குள் பயணிகளில் 72 சதவிகிதம் பேருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்துவிட்டன. அத்தனைக்கும் அந்த விமானம் பறக்கவே இல்லை. காற்று நின்றதுதான் காரணம்.

இரண்டாவது, 2003 மார்ச் 15. சார்ஸ் பரவிய நேரம். ஹாங்காங்கிலிருந்து பீஜிங் போன விமானத்தில் 120 பேர். நோய் அறிகுறியோடு ஒரு முதியவர் பயணம் செய்தார். பிறகு 22 பேருக்கு நோய் வந்தது. அவருடைய வரிசையிலும் அவருக்கு முன்னே மூன்று வரிசைகளிலும் இருந்த 23 பேரில் மட்டும் 8 பேர். இன்னும் சிலர் தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள். அதே ஆய்வாளர்கள் பார்த்த இன்னொரு விமானத்தில் அறிகுறியுள்ள நான்கு பேர் இருந்தும், அதிகபட்சம் ஒருவருக்குத்தான் தொற்றியிருக்கும் என்று தெரிந்தது.

காற்று ஓடினாலும் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து உண்டு என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். காசநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கும் இதை ஒட்டியதே. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ பயணம், நோயாளியின் வரிசை, முன்னே இரண்டு வரிசை, பின்னே இரண்டு வரிசை. தேடிப் பரிசோதிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஆக, நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. காற்று நிற்கும் இடம், நெருங்கி இருமும் ஆள்.

கிளம்பும் முன்

* ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள நினைத்தால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக அவ்வளவு நாள் ஆகும். ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசி இது. பெரியவர்களுக்கு நிமோனியா தடுப்பூசியும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

* தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். நம் ஊரில் அதற்கான முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும் போடப்படுகிறது. அதற்கு முன்பே கைக்குழந்தையை வெளிநாடு கூட்டிப்போவதாக இருந்தால், முன்கூட்டியே ஒரு டோஸ் தேவையா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

* காய்ச்சலும் இருமலும் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். "டிக்கெட் காசு போயிடுமே" என்று தோன்றும். நியாயம்தான். அதனால்தான், பெரியவர்களும் கைக்குழந்தைகளும் சேர்ந்து போகும் பயணத்துக்கு, தேதி மாற்ற வசதி உள்ள டிக்கெட்டாக எடுப்பது நல்லது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்த பணம், ஐ.சி.யூ. செலவை விடக் குறைவு.

* காசநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர், "இனி உங்களிடமிருந்து பரவாது" என்று மருத்துவர் சொன்ன பிறகே விமானம் ஏற வேண்டும்.

* கழுத்தில் கற்பூரப் பொட்டலம் கட்டிக்கொண்டால் வாசனை வரும். கிருமி நிற்காது.

ஏறும்போதும் இறங்கும்போதும்

பயணத்திலேயே காற்று மோசமான நேரம் இதுதான். போர்டிங் வரிசை, விமானத்துக்குக் கூட்டிப்போகும் பஸ், ஏறி உட்கார்ந்து கதவு மூடக் காத்திருக்கும் அரை மணி நேரம், இறங்கும்போது நடைபாதையில் தோளோடு தோள் இடிக்கும் பத்து நிமிடம். விமானம் தரையில் நிற்கும்போது காற்றோட்டம் பறக்கும்போது இருக்கும் அளவுக்கு இல்லாமல் போகலாம்.

நீண்ட பயணம் முழுவதும் மாஸ்க் போட்டிருக்க முடியாது என்பவர்கள், இந்த நேரங்களிலாவது கட்டாயம் போடுங்கள். 2022 நவம்பரிலிருந்து நம் நாட்டு விமானங்களில் மாஸ்க் கட்டாயம் இல்லை. ஆனால் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

துணி மாஸ்க் இதற்குப் போதாது. என்-95 வாங்குங்கள். காதில் மாட்டுவதைவிட, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை முகத்தில் நன்றாகப் பொருந்தும். மூச்சை உள்ளே இழுக்கும்போது மாஸ்க் லேசாக முகத்தோடு ஒட்ட வேண்டும். ஓரத்தில் காற்று நுழைந்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்யுங்கள். வால்வு வைத்த மாஸ்க் போட்டவரைக் காப்பாற்றும், பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றாது.

சீட் நம்பர் கையில் இருக்கும்போது ஓடிப்போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கூட்டம் ஏறட்டும், நாம் கடைசியில் ஏறலாம்.

பறக்கும்போது

* முடிந்தால் ஜன்னலோர சீட். நடைபாதையில் போய் வருகிறவர்களோடு நெருக்கம் குறையும். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் எழுந்து நடமாடுவதும் குறைவு என்று அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் சொன்னது. காலில் ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்னபடி அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும்.

* தலைக்கு மேலே திருகினால் காற்று வரும் குமிழ் இருக்கிறதா? குளிருகிறது என்று மூடிவிடாதீர்கள். முகத்துக்குச் சற்று முன்னால் காற்று இறங்கும்படி திருப்பி வையுங்கள். குளிருக்கு ஒரு சால்வை போர்த்திக்கொள்ளலாம்.

* பக்கத்து சீட்டுக்காரர் இருமுகிறாரா? முறைக்க வேண்டாம். கைப்பையில் புது மாஸ்க் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். "தம்பி, என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று அன்பாகக் கொடுத்தால் மறுப்பவர் குறைவு. மறுத்தால், வேறு சீட் காலியாக இருக்கிறதா என்று பணிப்பெண்ணிடம் கேளுங்கள்.

* எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிடும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்து நீங்கள் சாப்பிடலாம்.

* உள்ளே ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே போகும். தொண்டை வறளும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சாப்பிடும் முன், கண்ணையும் மூக்கையும் தொடும் முன் கையைச் சுத்தம் செய்யுங்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில்...

விமானம் இறங்கியதும் மாஸ்க்கைக் கழற்றி நிம்மதியாக மூச்சு விடுகிறோம். எங்கே? கண்ணாடி ஏற்றிய ஏசி டாக்ஸிக்குள்! அழைத்துப் போக வந்த தாத்தா, பாட்டி, பேரன், டிரைவர் என ஐந்து பேர். விமானத்தில் இருந்த ஃபில்டர் இங்கே கிடையாது. செங்கல்பட்டோ மாமல்லபுரமோ போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஏசியில் உள்காற்றே சுற்றும் பட்டனை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வைக்கச் சொல்லுங்கள். வண்டலூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். யாருக்காவது இருமல் இருந்தால் மாஸ்க் தொடரட்டும். வயதானவர்களை விமான நிலையத்துக்கு வரச்சொல்லாமல் வீட்டிலேயே காத்திருக்கச் சொல்வது இன்னும் நல்லது.

மாமல்லபுரத்து கைடுகளுக்கும் டிரைவர்களுக்கும் இதே பேச்சுதான். 2022-ல் பூஞ்சேரியில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வீரர்கள் வந்தார்கள். உலகமே வந்து இறங்கும் ஊர் அது. கடற்கரைக் கோயில் முன்னால் நின்று பேசும்போது கடல்காற்று உங்களுக்குக் காவல். அதே பயணிகளோடு மூடிய ஏசி வேனில் ஏறும்போது காவல் இல்லை. அப்போது ஜன்னலைத் திறங்கள், அல்லது மாஸ்க் போடுங்கள்.

வீட்டு வாசலில்

ஃபுளூ, தொற்றிய 1 முதல் 4 நாட்களுக்குள் வெளியே தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவவும் ஆரம்பித்துவிடும். எனவே வந்த முதல் ஐந்து நாள் கொஞ்சம் கவனமாக இருங்கள். பாட்டியைப் பார்க்காதே என்று சொல்லவில்லை. அறைக்குள் கதவடைத்து உட்கார்வதற்குப் பதில் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து பேசுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி சுற்றட்டும். ராத்திரி பாட்டி அறையில் எல்லோரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பதை மட்டும் ஐந்து நாள் ஒத்திவையுங்கள்.

தொண்டை கரகரத்தாலே பாட்டி பக்கத்தில் போகும்போது மாஸ்க் போடுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம், "இந்த ஊரிலிருந்து, இந்தத் தேதியில் வந்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். என்ன பரிசோதனை செய்வது என்று அவர் முடிவெடுக்க அது உதவும். ஆலோசனைக்கு 104. மூச்சுத்திணறல் என்றால் யோசிக்காமல் 108.

அடுத்த முறை மகளோ மருமகனோ டிக்கெட் எடுத்துவிட்டதாகப் போன் செய்தால், புளியோதரைக்கு என்ன வாங்கலாம் என்று பேசுவதோடு, "கைப்பையில் நாலு என்-95 வச்சிருக்கியா கண்ணு?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.