பதிவு எண் உண்டு, பணியிடம் இல்லை

உரிய படிப்பு இல்லாமல் ஒருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தினால், தெரியவந்த அன்று வேலை போகும். சிறப்புக் கல்விக்குரிய தகுதியும் பதிவும் இல்லாமல் ஒருவர் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தால் ஜெயிலுக்கே போகலாம். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) சட்டம் அப்படித்தான் சொல்கிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகையிலேயே சட்டத்தின் வயது தெரிகிறது. ஆனால் அதன் நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல இந்த டீச்சருக்கும் ஒரு பதிவு எண் வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்தால் சம்பளத்தை விசாரிக்கும் முன்பே “ஆர்.சி.ஐ. நம்பர் வாங்கிட்டீங்களா?” என்று கேட்டுக்கொள்வார்கள்.

வாங்கினால் மட்டும் போதாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குள் கருத்தரங்கு, பயிலரங்கு என்று போய் 100 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். லீவு நாளில், பெரும்பாலும் கைக்காசைப் போட்டுத்தான். தன் ஆசிரியர்களிடம் இவ்வளவு கறார் காட்டும் துறை நம் கல்வியில் இன்னொன்று இல்லை.

இந்தக் கறாரை மனதில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாருங்கள். சிப்காட் ஆலைகள், ஷிப்ட் மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்கள், ஒருபுறம் ஆந்திர எல்லை, இன்னொருபுறம் பழவேற்காடு போகும் சாலை. திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களில் இது ஒன்று. சிறப்புப் பயிற்றுநர் என்று அழைக்கப்படும் இந்த ஆசிரியருக்கு வட்டார வள மையம்தான் தலைமையிடம். அங்கிருந்து பள்ளி பள்ளியாகப் போக வேண்டும். பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சி. மெடிக்கல் கேம்ப் வந்தால் பிள்ளையையும் தாயையும் கூட்டிப்போய் அடையாள அட்டைக்கு வரிசையில் நிற்பதும் இவர்தான். கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் ₹2,000 உதவித்தொகைக்கு மனு எழுதுவதும் பல சமயம் இவரே. பி.எட். பாடத்திட்டத்தில் பைக் ஓட்டுவது இல்லை என்பது ஒரு குறைதான்.

“நான் படிச்சது எச்.ஐ. சார், காது கேளாத பிள்ளைங்களுக்கு. என் லிஸ்ட்ல இருக்கிறது பாதிக்கு மேல ஐ.டி., அப்புறம் ஆட்டிசம், சி.பி., ரெண்டு லோ விஷன்” என்றார் இந்தப் பக்கம் வேலை பார்க்கும் ஒருவர். ஐ.டி. என்றால் அறிவுசார் குறைபாடு, சி.பி. என்றால் மூளை முடக்குவாதம். பட்டயமோ பி.எட்.டோ ஒரு பிரிவில்தான் கிடைக்கும். 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016-இன் சட்டம் அதை 21 ஆக்கியது. பட்டியல் மூன்று மடங்கானது, வாசலில் வந்து நிற்கும் ஆசிரியர் ஒருவர்தான். அவர் யூடியூபிலும், வேறு பிரிவு படித்த தோழிகளிடமும் மீதியைக் கற்றுக்கொள்கிறார்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எந்தச் சான்றிதழும் அதற்குத் தயார் செய்வதில்லை. எல்லையோரக் கிராமங்களில் பிள்ளைக்கு வீட்டில் தெலுங்கு. ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் இந்தி, ஒடியா, வங்காளம். மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறவர்களில் ஒடிசாக்காரர்கள் நிறைய. ஆறு வயதுப் பையன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. காது கேட்கவில்லையா, அறிவு வளர்ச்சி தாமதமா, ஆட்டிசமா, அல்லது தமிழ் புரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறானா? கடைசிக் காரணத்தை முதலில் தள்ளிவிட்டுத்தான் மற்றதைச் சோதிக்க வேண்டும். அதற்கு அவன் மொழியில் பேச ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரையோ ஷிப்ட் முடிந்து வந்த சித்தப்பாவையோ பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னால், அவர் பிள்ளை சொன்னதைச் சொல்லாமல், தான் நினைத்ததைச் சொல்வார். தப்பாக முத்திரை குத்தினால் பிள்ளைக்குக் கேடு. காத்திருந்து பார்ப்போம் என்றால், சூளை சீசன் முடிந்து குடும்பம் ஊர் போய்விடும். அத்தனை நாள் எழுதிய தனிநபர் கல்வித் திட்டம் ஃபைலிலேயே நின்றுவிடும். இந்த வேலையில் என்னை மலைக்க வைப்பது இந்த இடம்தான்.

இத்தனைக்கும் இவர் நிரந்தர ஊழியர் இல்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒப்பந்த ஊழியர், தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்கள் பல. பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கான சுமார் ₹2,152 கோடியை 2024–25-இல் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. இந்த டீச்சர்களின் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் இருக்கிறது. இரண்டு அரசுகளும் கொள்கை பேசின. மாதக் கடைசியில் வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்பட்டது இவர்கள்.

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், எத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் என்று வரையறுக்கச் சொன்னது. அதன்பின் மத்திய அரசு கணக்கைத் தெளிவாகவே போட்டது: தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர். தீர்ப்பு வந்து மூன்று ஆண்டு தாண்டியும் பல மாநிலங்களில் பணியிடமே உருவாகவில்லை. 2025 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மறுபடியும் காலக்கெடு வைத்து, பல ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருப்பவர்களைப் பரிசீலிக்கக் குழு அமைக்கவும் சொன்னது. பதிவு எண் இல்லாத ஆசிரியருக்குச் சிறை என்று எழுதிய நாட்டில், பணியிடம் உருவாக்காத அரசுக்கு அடுத்த வாய்தாதான் கிடைக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தத் துறை புதிதில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் பாளையங்கோட்டையில் 1890-களிலேயே பள்ளி நடந்தது. இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் இருக்கின்றன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005-இல் வந்தது; கும்மிடிப்பூண்டியிலிருந்து போவதென்றால் சென்னை முழுவதையும் தாண்ட வேண்டும்.

பொன்னேரியில் தெரிந்த குடும்பத்துப் பெண், பிளஸ் டூ முடித்தவள், இந்தப் படிப்பு படிக்கலாமா என்று கேட்டாள். படி என்றேன். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷப் பட்டயம், அல்லது பட்டம் முடித்து பி.எட். படிக்கலாம். சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் பிரிவுக்கு, அந்த வருஷத்துக்கு கவுன்சிலின் அனுமதி இருக்கிறதா என்று இணையதளத்தில் நீயே பார். ஏஜென்ட் சொல்வதை நம்பாதே. அரசு வேலைதான் குறி என்றால் ஆசிரியர் தகுதித் தேர்வுக்கும் கூடவே தயாராகு. தெலுங்கு தெரியுமா என்று கேட்டேன். பாட்டி பேசுவாள், எனக்குப் புரியும் என்றாள். பேசவும் கற்றுக்கொள், இந்தப் பக்கத்தில் அதற்கு உன் சான்றிதழ் அளவுக்கு வேலை இருக்கும் என்றேன். நிரந்தர வேலை கிடைக்குமா என்று அவள் அப்பா கேட்டார். கோர்ட் சொல்லியிருக்கிறது, அரசாங்கம் இன்னும் சொல்லவில்லை என்றேன்.