பனியில் நிரம்பும் பாலைவன ஏரி

லாஸ் வேகாஸ் நகரத்துக்குப் பக்கத்தில், நெவாடா பாலைவனத்தில் இருக்கிறது மீட் ஏரி. சுற்றிலும் மொட்டைப் பாறை. வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் எப்படி நிரம்புகிறது?

பதில் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ராக்கி மலைகளில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அங்கே பனி விழுகிறது. ஏப்ரல் முதல் ஜூலை வரை அது உருகி கொலராடோ ஆற்றில் இறங்குகிறது. வருடத்தின் பெரும்பகுதி வரவு இந்த நான்கு மாதங்களில்தான்.

இந்த வரவைச் சேமிக்க இரண்டு தொட்டிகள். மேலே கிளென் கேன்யன் அணை கட்டிய பவல் ஏரி, கீழே ஹூவர் அணை கட்டிய மீட் ஏரி. மாடித் தொட்டியைத் திறந்துவிட்டால்தான் கீழ்த் தொட்டிக்குத் தண்ணீர்.

பவல் ஏரியில் 1963-ல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். முதன்முறை நிரம்பியது 1980-ல். 17 வருடங்கள்! கீழே உள்ளவர்களின் பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தானே சேர்க்க முடியும்?

மூன்றே வருடத்தில், 1983-ல், பனி சட்டென்று உருகி ஏரி தளும்பியது. அணையின் மதகுகள் மேல் பிளைவுட் பலகை வைத்துத் தடுத்தார்கள். அதே ஏரி 2023 பிப்ரவரியில் கால்வாசிக்கும் கீழே கிடந்தது. மீட் ஏரியும் இறங்க இறங்க, 1938-ல் அது விழுங்கிய செயின்ட் தாமஸ் என்ற ஊரின் இடிபாடுகள் வெளியே வந்தன. பாறைகளில் பழைய நீர்மட்டம் வரை வெள்ளைப் பட்டை. வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்பு படியுமே, அந்த மாதிரி.

ஏன் இந்த இறக்கம்? வெயில் ஒரு காரணம். மீட் ஏரியிலிருந்து வருடத்துக்கு ஏறக்குறைய ஆளுயரத் தண்ணீர் ஆவியாகிறது. மலையில் மண் காய்ந்திருந்தால், உருகும் பனியை முதலில் அதுவே குடித்துவிடுகிறது.

ஆனால் பெரிய காரணம் கணக்கு. 1922-ல் ஏழு மாநிலங்கள் ஆற்றைப் பங்கு போட்டபோது, வருடத்துக்கு 1.5 கோடி ஏக்கர் அடி என்று எழுதிக்கொண்டன. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. 1944-ல் மெக்சிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். அவர்கள் கணக்குப் பார்த்தது நல்ல ஈரமான வருடங்களை வைத்து. 2000-க்குப் பிறகு ஆற்றில் வருவது சராசரியாக 1.25 கோடியை ஒட்டித்தான். போனஸ் வந்த மாதத்தைச் சம்பளம் என்று நினைத்துக் குடும்பச் செலவைத் திட்டமிட்டால் என்ன ஆகும்? சேமிப்பில் கை வைக்க வேண்டும். அந்தச் சேமிப்புதான் இந்த இரண்டு ஏரிகளும்.

2023-ல் பனி அள்ளிக் கொடுத்தது. பவல் ஏரி சில மாதங்களில் 60 அடிக்கு மேல் ஏறியது. அப்படியும் பாதி நிரம்பவில்லை. ஒரு நல்ல வருடம் பல வருடக் கடனை அடைக்காது.

சுமார் 4 கோடிப் பேர் இந்த ஆற்றை நம்பி இருக்கிறார்கள். லாஸ் வேகாஸ்காரர்கள் செலவில் கை வைத்துவிட்டார்கள். வீட்டுக்குள் பயன்படுத்திய தண்ணீரைச் சுத்திகரித்து ஏரிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்தரைகளை அகற்ற 2021-ல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் ஆற்றின் பெரும்பகுதி வயல்களுக்குப் போகிறது. அங்கே யார், எவ்வளவு குறைத்துக்கொள்வது என்பதுதான் மாநிலங்களுக்குள் தீராத பேச்சு. பனி எவ்வளவு விழும் என்பது அவர்கள் கையில் இல்லை. செலவு மட்டும்தான் இருக்கிறது.