பட்டியலின் அடிப்பகுதி

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும்வரை ஒரே அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது: "நல்ல காலேஜா பத்து பேர் மட்டும் போடு. கீழே இருக்கிறதைப் போட்டா கம்ப்யூட்டர் அதையே தூக்கிக் கொடுத்திடும்." டியூஷன் மாஸ்டர் சொல்கிறார், போன வருஷம் சேர்ந்த அண்ணன் சொல்கிறான், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவரும் சொல்கிறார். இதைக் கேட்டுச் சின்ன விருப்பப் பட்டியல் போட்ட பிள்ளைகள், ஒதுக்கீடு வெளியாகும் நாளில் ஒன்றும் கிடைக்காமல் நிற்கிறார்கள். நல்ல மதிப்பெண் இருந்தும் இப்படி நடப்பதுதான் கொடுமை.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் செய்வது என்ன என்று பார்ப்போம். அது ரேங்க் வரிசையில் ஒவ்வொரு மாணவராக எடுக்கிறது. ஒருவர் முறை வந்ததும் அவர் பட்டியலின் முதல் வரியைப் படிக்கிறது. அந்தக் கல்லூரியின் அந்தப் பாடப்பிரிவில், பொதுப் பிரிவிலோ அவருக்குரிய இட ஒதுக்கீட்டிலோ இடம் இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த மாணவரிடம் போய்விடுகிறது. இடம் இல்லாவிட்டால்தான் இரண்டாம் வரி, அதுவும் நிரம்பியிருந்தால் மூன்றாம் வரி. நாற்பதாவது வரியில் நீங்கள் எழுதியதை, மேலே உள்ள 39 வரிகளும் கைவிட்ட பிறகுதான் அது பார்க்கும். ஆகவே கீழ் வரி மேல் வரியின் இடத்தைப் பறிக்க வழியே இல்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பும் கிடையாது.

"எனக்குத் தெரிந்த பையனுக்கு அப்படித்தானே ஆச்சு?" என்பார்கள். அந்தப் பையனின் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒன்று, பயந்துபோய், கிடைத்த அந்தக் கல்லூரியை அவனே வரிசையில் மேலே ஏற்றியிருப்பான். அல்லது மேலே போட்டதெல்லாம் அவன் முறைக்கு முன்பே நிரம்பியிருக்கும். இரண்டாவது வகைப் பையனை அந்தக் கீழ் வரிதான் காப்பாற்றியிருக்கிறது. அது இல்லையென்றால் அவன் கையில் அந்தச் சுற்றில் ஒன்றும் இருந்திருக்காது.

இந்தப் பயம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 2017 வரை கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் போய், திரையில் அந்த நிமிடம் மிச்சமிருக்கும் இடங்களைப் பார்த்து, அப்பா அம்மாவோடு பேசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். முன்கூட்டியே வரிசைப் பட்டியல் எழுதும் வேலை இல்லை. 2018-இல் ஆன்லைனுக்கு மாறியபோது அந்தத் திரை போய், பட்டியல் வந்தது. பழைய அனுபவத்தில் பேசுகிற பெரியவர்களின் சொல் புதிய முறைக்குப் பொருந்துவதில்லை.

இதே பயத்தின் இன்னொரு முகம்: "கிடைக்காததை மேலே போட்டு சாய்ஸை வீணாக்காதே." வீணாவதற்கு அங்கே எதுவும் இல்லை. ரேங்க் எட்டாத கல்லூரியை முதலில் போட்டதற்காக அடுத்த வரியில் உங்கள் முன்னுரிமை ஒரு இழைகூடக் குறையாது. ஆசைப்படுவதை ஆசைப்படும் வரிசையில் எழுதுங்கள்.

அடுத்தது, "இந்த ரவுண்டில் இல்லாவிட்டால் அடுத்த ரவுண்டு." அடுத்த சுற்றில் கலந்துகொள்ளலாம், சரி. ஆனால் முதல் சுற்றுக்காரர்கள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பதில்தான் தேட வேண்டும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே இருப்பது காலியானால் மாறிக்கொள்கிறேன் என்று குறிக்கவும் வழி இருக்கிறது. கையில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு மேலே காத்திருப்பதை விட்டுவிட்டு, வெறுங்கையோடு ஏன் காத்திருக்க வேண்டும்?

"போன வருஷக் கட்-ஆஃபுக்கு இந்தக் காலேஜ் கண்டிப்பா கிடைக்கும், அதுவே சேஃப்" என்ற வாதம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டிய 200-க்குத்தான் கட்-ஆஃப். கணிதத் தாள் கடினமாக வந்த ஆண்டில் அது எல்லாருக்கும் இறங்கும், எளிதாக வந்தால் ஏறும். 2021-இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களை 50:20:30 என்ற கணக்கில் சேர்த்துத் தந்தார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை வைத்து அடுத்த ஆண்டு எவர் எதைக் கணிப்பது? இடங்களின் எண்ணிக்கையும் நிலையாக இல்லை. 2024-இல் தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ சேர்க்கை வரம்பைத் தளர்த்தியபின் பல கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களைக் கூட்டின. அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு அந்த இடம் எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பாருங்கள். உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவின் ரேங்க்கையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும், நிச்சயம் என்று தோன்றும் கல்லூரிக்குக் கீழே சிலவற்றைப் போடுங்கள்.

வசதி கொஞ்சம் இருக்கும் வீடுகளில் பாதுகாப்பு வேறு உருவத்தில் வருகிறது. கலந்தாய்வுக்கு முன்பே ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ முன்பணம் கட்டி, "ஒரு சீட் பிடித்தாகிவிட்டது" என்று நிம்மதி அடைவது. கடன் வாங்கிக் கட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை இந்த ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேருகிறவர்களுக்குத்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில், படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியாகத்தான். இந்த உரிமை உள்ள பிள்ளை முன்பணம் கட்டி வெளியே போவது அந்தக் குடும்பத்துக்கு நான்கு வருடச் சுமை.

கீழே எதைப் போடுவது? "எங்கேயாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும்" என்பது ஆபத்தான பதில். ஒரே பேராசிரியரைப் பல கல்லூரிகள் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டியிருந்ததை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. பாடம் நடத்த ஆளில்லாத இடத்தில் பெரிய பாடப்பிரிவின் பெயர் எதைக் காப்பாற்றும்? திருநெல்வேலி, பர்கூர், போடிநாயக்கனூர் அரசுக் கல்லூரிகளில் மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளில் ஓர் இடமோ கிடைத்தால் கட்டணம் கட்டுப்படியாகும். உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் கட்டணம் பெரிதும் வேறுபடும். பட்டியலில் இரண்டும் தனித்தனிக் குறியீட்டோடு வரும், கவனித்துப் போடுங்கள். பெயர் ஒன்றுபோல் இருக்கும் கல்லூரிகளும் உண்டு, அங்கே கல்லூரி எண்ணைச் சரிபாருங்கள்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்த நிலையிலும் சேரவே மாட்டேன் என்று முடிவு செய்த கல்லூரியைப் பட்டியலில் எழுதக்கூடாது. ஆனால் அந்த முடிவை நேரில் போய்ப் பார்த்து, அங்கே படிக்கும் இரண்டு மாணவர்களிடம் பேசி, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து எடுங்கள். மேலே போடும் பத்துக் கல்லூரிகளைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். விசாரிக்க வேண்டியது கீழே போடுகிறவற்றைத்தான்.

பெற்றோரே, சாய்ஸ் லாக் ஆவதற்கு முன் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து பட்டியலின் கடைசிப் பத்து வரிகளை வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இது கிடைத்தால் சேருவாயா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிட்டு, சேரக்கூடிய வேறொன்றைத் தேடிப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்டத்தில் உள்ள சேர்க்கை உதவி மையத்துக்குப் போங்கள்.