போர்மட் அடிப்பது வைத்தியம் இல்லை

எங்கட ஊர்களில் கணினிக்கு வருகிற எல்லா வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான். மெதுவாக இயங்கினால் போர்மட். வைரஸ் வந்தால் போர்மட். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றாலும் போர்மட். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், “ஏதும் முக்கியமானது இருக்கோ தம்பி?” என்று ஒரு கேள்வி வரும். “இல்லையண்ணை, எல்லாம் டி ட்ரைவிலதான் கிடக்கு” என்று ஒரு பதில் போகும். பின்னேரம் வந்து எடுக்கச் சொல்லுவார்கள். ஒரு வீட்டின் பத்து வருடச் சேகரிப்பு இந்த இரண்டு வரிக் கதைக்குள் இல்லாமல் போய்விடுகிறது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். சொந்தக் கணினியை அழித்து, பணிசெயல் முறைமையைத் திரும்ப நிறுவுவது ஒவ்வொரு இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கைவேலை. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுவது மாதிரி. அது தெரியாத வரைக்கும் எங்கட நினைவும் அந்தரங்கமும் காசும் இன்னொருவரின் அவசரத்தில் தங்கியிருக்கும்.

முதலில் அந்த ‘டி ட்ரைவ்’ கதை. விண்டோஸில் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கும், யாராவது வேண்டுமென்று மாற்றி வைத்திருந்தாலொழிய, சி ட்ரைவுக்குள்தான் இருக்கின்றன. கண்ணுக்கு முன்னால் திரையில் கிடக்கிற கோப்புத்தான் முதலில் அழியும். அக்காவின் கலியாணப் படங்கள், போனிலிருந்து இறக்கி வைத்த அம்மம்மாவின் குரல், ஆய்வுக் கட்டுரையின் கடைசி வடிவம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். அதைவிட, பல வீட்டுக் கணினிகளில் டி ட்ரைவ் என்பது அதே ஹார்ட் டிஸ்கின் இன்னொரு பகுதி. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். ஒரே அலுமாரிக்குள் இரண்டு தட்டு இருப்பதால் அலுமாரி எரியாது என்று நினைக்கலாமா?

இரண்டாவது, போர்மட் எத்தனை வருத்தங்களைத் தீர்க்கிறது? கணினி மெதுவாவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஹார்ட் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கலாம். ராம் போதாமல் இருக்கலாம். உள்ளே தூசி அடைத்து, சூடேறி, வேகம் குறைந்திருக்கலாம். கணினி தொடங்கும்போதே பத்து மென்பொருட்கள் தாமாக ஓடத் தொடங்கலாம். முதல் மூன்றுக்கும் போர்மட் ஒன்றும் செய்யாது. பழுதாகிற டிஸ்கில் திரும்ப விண்டோஸ் ஏற்றினால் இரண்டு கிழமை நன்றாக இருப்பதுபோலத் தெரியும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்’ தகவலை இலவச மென்பொருள் ஒன்றால் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழைய கணினிக்கு ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கிற வேகம் நூறு போர்மட் அடித்தாலும் கிடைக்காது.

மூன்றாவது விசயம் இதைவிடப் பாரதூரமானது. வைத்திருக்க வேண்டியதைப் போர்மட் கொண்டுபோய்விடுகிறது. ஆனால் போகவேண்டியது போவதில்லை. விண்டோஸ் நிறுவும்போது அடிப்பது விரைவுப் போர்மட். அது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிக்கிற வேலை, பக்கங்கள் அப்படியே இருக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் என்றால், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாத இடங்களிலிருந்து பழைய படங்களை ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருளால் மீட்டுவிடலாம். தவறுதலாக அழித்தவருக்கு இது நல்ல செய்தி. பழைய லப்டொப்பை ‘போர்மட் அடிச்சாச்சு’ என்று நம்பி விற்கிற ஒரு பெண்ணுக்கு? அவளுடைய படங்கள் யாருடைய கைக்கும் போகலாம். படம் வெளியே போனால் எங்கட சமூகம் படத்தைப் பரப்பியவனைக் கேள்வி கேட்காது, அவளைத்தான் கேட்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். விற்பதற்கு முதல், விண்டோஸின் ‘ரீசெட்’ பகுதியில் எல்லாவற்றையும் அகற்றி, ட்ரைவைத் துப்புரவாக்கும் தெரிவையும் இயக்கிவிட வேண்டும். அதற்குச் சில மணித்தியாலங்கள் எடுக்கும். எடுக்கட்டும்.

நாலாவது, கிராக். ‘ஒரிஜினலுக்கு எங்கால காசு?’ என்பது நியாயமான கேள்விதான். டொலரில் விலை போட்டு எங்களுக்கு விற்கும் கொம்பனிகளுக்காக நாங்கள் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் அன்டிவைரஸை நிற்பாட்டிவிட்டு ஓடவிடச் சொல்கிற ஒரு மென்பொருளுக்கு, வங்கிக் கணக்குக்குள் போகிற கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுப்பது என்ன கெட்டித்தனம்? பகிடி என்னவென்றால், விண்டோஸ் 8 வந்ததற்குப் பிறகு விண்டோசுடன் விற்கப்பட்ட லப்டொப்கள் பெரும்பாலானவற்றில் உரிம இலக்கம் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே ‘ஹோம்’ பதிப்பைத் திரும்ப நிறுவினால் தானாகவே செயற்படும். சொந்தமாக உரிமம் உள்ள கணினிக்குக் காசும் கொடுத்து, கிராக் அடித்த ‘ப்ரோ’வை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர் வேண்டும். நன்றாக ஓடுகிற கணினிகளைக் குப்பை என்று அறிவிக்கிற வியாபாரம் இது. இதற்குப் பதில் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை. இலவசம், கிராக் தேவையில்லை, பழைய இயந்திரத்திலும் ஓடும். போட்டோஷொப்பும் சில விளையாட்டுக்களும் வேண்டுமென்பவர்களுக்குச் சரிவராது, உண்மை. இணையம், படம், தட்டச்சு, பாடவேலை என்று இருக்கிற வீட்டுக்கு அது தாராளம். பென் ட்ரைவிலிருந்தே ஓடவிட்டு, நிறுவாமலே பார்த்து முடிவெடுக்கலாம். விண்டோஸ் எழும்பாமல் கிடக்கிற கணினியிலிருந்து, அது பூட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாவிட்டால், கோப்புகளைக் கொப்பி பண்ணி எடுக்கவும் அதே பென் ட்ரைவ் உதவும்.

“உதெல்லாம் எல்லாருக்கும் ஏலுமே? கடைக்காரனும் வாழவேணுமெல்லோ?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரரோடு எங்களுக்குப் பகையில்லை. திரை உடைந்தால், மின்னல் அடித்தால் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்து, உயர்தரத்தில் பணிசெயல் முறைமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்த பிள்ளை, சொந்த லப்டொப்பில் அதை நிறுவப் பயப்படுகிறது என்றால் அது படிப்பித்த முறையில் உள்ள கோளாறு. மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து நிறுவற் கருவியை இலவசமாக இறக்கலாம். 8 ஜிபி பென் ட்ரைவ் ஒன்று போதும்.

செய்ய முதல் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். வெளியே இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து, அது திறபடுகிறதா என்று பாருங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைக் கவனியுங்கள். பிட்லொக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வையுங்கள். பாமினியில் தட்டச்சு செய்த பழைய ஆவணங்கள் இருந்தால் எழுத்துருவையும் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அப்பா எழுதிய ஊர் வரலாறு ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறபடும். முடிந்தால் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி வருடா வருடம் எழுதுகிற சமூகம் இது. இடப்பெயர்வுகளில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடிய குடும்பங்கள் எத்தனை. அதற்குப் பிறகும் மிஞ்சியதைத் தேடித் தேடி ஸ்கான் செய்து நூலகம் நிறுவனம் போன்றவை இணையத்தில் ஏற்றுகின்றன. அந்தப் பக்கம் அவர்கள் ஒவ்வொரு தாளாகக் காப்பாற்ற, இந்தப் பக்கம் வீட்டில் இருப்பதை ஒரு பின்னேரத்தில் துடைத்துவிட்டு வருவதை ‘கணினி திருத்தினது’ என்று சொல்ல முடியாது. எரித்தவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறது. மிஞ்சியதைக் காப்பாற்றுகிற பொறுப்பும் எங்களுடையதுதான்.

ஒவ்வொரு வாசிகசாலையிலும் சனசமூக நிலையத்திலும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தெரிந்த ஒருவர், ஒரு வெளி டிஸ்க், இரண்டு பென் ட்ரைவ். முதலில் பிரதி எடுக்கப் பழக்குங்கள், அதற்குப் பிறகுதான் போர்மட். பெண் பிள்ளைகளை முன்வரிசையில் இருத்துங்கள். “ஏதும் முக்கியமானது இருக்கோ?” என்று யாராவது கேட்டால், என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்களாக அவர்கள் வீட்டுக்குப் போகட்டும்.