பஸ்ஸில் குமட்டுமா? ஆபரேஷனுக்கு முன் சொல்லிவிடுங்கள்!

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். மீஞ்சூரில் பஸ் ஏறினாலே அவருக்குக் குமட்டும். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? கட்டாயம் சொல்ல வேண்டும்.

மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் சிலருக்கு வாந்தி வரும். தையல் போட்ட வயிற்றோடு வாந்தி எடுப்பது பெரிய அவஸ்தை. வீடு திரும்புவதும் தள்ளிப்போகலாம். யாருக்கு வரும் என்று கணிக்க, 1999-ல் டாக்டர் ஆப்ஃபெல்லும் அவருடைய குழுவினரும் நான்கு கேள்விகளை வகுத்தார்கள். நோயாளி பெண்ணா? புகைப்பழக்கம் இல்லாதவரா? பயணத்தில் குமட்டுமா, அல்லது முந்தைய ஆபரேஷனில் வாந்தி வந்ததா? பிறகு மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படுமா? நான்குக்கும் ‘ஆமாம்’ என்றால் வாந்திக்கான வாய்ப்பு சுமார் 80 சதவிகிதம். எதுவுமே இல்லையென்றால் சுமார் 10 சதவிகிதம்தான்.

அமெரிக்காவில் மயக்க மருந்து டாக்டர்கள் மெடிகேருக்குக் காட்டும் தரக் கணக்கில் இதற்கென்றே 430-ம் எண் இருக்கிறது. வாயு மயக்க மருந்து பெறும் பெரியவர்களில் மூன்று காரணங்களாவது உள்ளவருக்கு, இரண்டு வெவ்வேறு வகை வாந்தித் தடுப்பு மருந்துகளாவது கொடுத்தார்களா என்று அது கேட்கும்.

நம் ஊரில் கதை வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரே குறியீடு, ஒரே தொகை. வாந்தித் தடுப்பு ஊசியும் அதற்குள் அடக்கம். அதற்கென்று யாராவது தனியாகப் பணம் கேட்டால், மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் உடனே சொல்லுங்கள்.

தனியார் பாலிசி என்றால் இன்னொரு வேடிக்கை. ஊசி மருந்துக்கு கிளெய்ம் கிடைக்கும். வாந்தி பிடிக்கும் கிட்னி ட்ரே மட்டும், பொதுவாகப் பணம் தராத பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால்தான் அதற்கும் கிடைக்கும்.

ஒண்டன்செட்ரான், டெக்சாமெத்தசோன் போன்ற இந்த மருந்துகள் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. விலையும் அதிகமில்லை. ஆனால், தொகுப்புக் கட்டணத்தில் இந்த ஊசி தனி வரியாகத் தெரியாது. போட்டார்களா, விட்டார்களா என்று பில்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனவே ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வரும்போது, “எனக்கு பஸ்ஸில் குமட்டும், போன ஆபரேஷனில் வாந்தி வந்தது” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். “வாந்தி வராமலிருக்க என்ன மருந்து தருவீர்கள் டாக்டர்?” என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.