செல்போன் மாதிரி இல்லைங்க

"வீட்டுக்குப் போனதும் செல்போன் மாட்டற மாதிரி மாட்டிட்டுத் தூங்கிருங்க. வேறெதுவும் வேண்டாமுங்க." காங்கேயத்தில் மின்சார கார் விலை கேட்கப் போன எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்பியிருக்க முடியாது. நான்கைந்து வருடமாக எனக்கு இது காதில் விழுகிறது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதையே எனக்குப் பாடமாகச் சொன்னார். அன்றைக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

செல்போன் சார்ஜர் இழுப்பது 20, 30 வாட். காரோடு வரும் சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் ப்ளக்கில் 3,300 வாட் வரை இழுக்கும். நூறு மடங்குக்கும் மேல். கீசரும்தான் 2,000 வாட் இழுக்கிறது என்பார்கள். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் ராத்திரி எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் இழுக்கும். ப்ளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே பிடிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறும். சூடேறினால் உள்ளே இருக்கும் தகடு மேலும் தளரும், அதனால் மேலும் சூடு. எங்கள் வீட்டில் கார் வந்த மூன்றாவது வாரமே, விடிகாலையில் போர்ட்டிகோவில் கருகல் வாடை. ப்ளக்கைப் பிடுங்கினால் ஒரு பின் பழுப்பேறியிருந்தது. சாக்கெட்டின் ஓட்டை உருகி முட்டை வடிவமாகியிருந்தது. எலக்ட்ரீஷியன் சுவருக்குள் போன வயரை உருவிக் காட்டினார். ஒன்றரை ஸ்கொயர். லைட்டுக்கும் ஃபேனுக்கும் போடுகிற வயர். நாலு ஸ்கொயர் ஓடியிருக்க வேண்டிய இடம் அது. கார் விற்றவர்கள் அந்த வயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

"மூணு பேஸ் இருக்குதுங்களே, என்ன கவலை?" இது அடுத்த சமாதானம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான மின்சார கார்கள் ஒரே பேஸில்தான் இழுக்கும். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வைத்தால் 31 ஆம்பியரும் அந்த ஒற்றை பேஸின் தலையில்தான் விழும். அதே பேஸில் ஏ.சி.யும் கீசரும் இருந்தால் எம்.சி.பி. விழும். விழுந்தால்கூடப் பரவாயில்லை. அடிக்கடி விழுகிறதே என்று, வயரை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக மாற்றுகிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான்.

எர்த்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. நம் வறண்ட மண்ணில் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். எர்த் சரியில்லை என்று எரிந்த என் சார்ஜரின் சிவப்பு விளக்கு, குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அணைந்தது.

சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் கார் சார்ஜ் ஆகும் என்பது தவறு. பேட்டரி இல்லாத ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது என்கிறார்களே, அதையும் பார்ப்போம். தினமும் திருப்பூர் போய்வர 60 கிலோமீட்டர். இரண்டு மாதத்தில் 50 நாள் ஓடினால் சுமார் 425 யூனிட். வீடு ஏற்கெனவே 450 யூனிட் எரிக்கிறது என்றால், காரின் யூனிட்டுகள் முழுக்க மேல் படிகளில் போய் உட்காரும். 2024 ஜூலை கட்டணப்படி 500-ஐத் தாண்டினால் யூனிட் 8.55 ரூபாய், 600-க்கு மேல் 9.65, 800-க்கு மேல் 10.70. காருக்கு மட்டும் ஏறத்தாழ 3,900 ரூபாய். 3,000 கிலோமீட்டருக்கு வகுத்துப் பாருங்கள், 1.30 வருகிறது.

"எனர்ஜி மேனேஜரெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்பதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. அது செய்யும் வேலை என்ன? மீட்டருக்குப் பக்கத்தில் மூன்று பேஸ் வயர்களிலும் கரண்டை அளக்கும் சி.டி.யை மாட்டி, வீடு எவ்வளவு இழுக்கிறது என்று நொடிக்கு நொடி பார்க்கும். மிச்சம் இருப்பதை மட்டும் காருக்கு விடும். கீசர் போட்டால் காரை 6 ஆம்பியர் வரை இறக்கும். அதற்கும் கீழே சார்ஜ் ஏற வழியில்லை என்பதால் நிறுத்தி வைத்து, கீசர் அணைந்ததும் மறுபடி ஏற்றும். திருப்பூர் வட்டாரத்தில் எச்.டி. என்னும் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் மில்காரர்களுக்கு இது புதுசா? பீக் அவரில் 25 சதவீதம் கூடுதல், ராத்திரி 10 முதல் 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி என்று கணக்குப் பார்த்து மெஷின் ஓட்டுகிறவர்கள் அவர்கள். மேக்சிமம் டிமாண்ட் தாண்டிவிடக் கூடாது என்று பேனல் ரூமில் கன்ட்ரோலர் வைத்து, எந்த லோடு முதலில் விழ வேண்டும் என்றுகூட எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அப்படி ஒட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். கார் வாசலில் நிற்கிறது. ஹாலில் இருந்து ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மீதி வயரை அழகாகச் சுருட்டி ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தார். அந்தச் சுருளைத் தொட்டேன், சுட்டது. "முதல்ல இதக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, நானே போய் ஸ்விட்சை அணைத்தேன்.